பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்: எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கும் பி பிளாக்கின் 24 வீட்டுக்காரர்களுக்கும்,

வணக்கம். இரண்டாவது மாடியில் லிஃப்டுக்கு எதிர்வீட்டுக்காரி எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து இரண்டு தடவை கையைத் தூக்கியது நான்தான். இரண்டு தடவையும் டீ வந்துவிட்டது.

பொங்கலுக்கு முன் கட்டடம் முழுக்க, உள்ளேயும் வெளியேயும் பெயிண்ட் அடிப்பது என்று அன்றைக்குத் தீர்மானம் போட்டீர்கள். வீட்டுக்கு 25,000 ரூபாய், மொத்தம் 6 லட்சம். ஓதம் ஏறிய சுவர்களுக்கு மட்டும் ‘டேம்ப் ப்ரூஃப்’ ஒரு கோட் கூடுதலாக அடித்துத் தரக் காண்ட்ராக்டர் ஒத்துக்கொண்டார் என்று செயலாளர் சார் சொன்னதும் கைதட்டல் வேறு. நான் தட்டவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பெயிண்டை மே மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அதற்குள், சுவர்களில் பூசணம் பூக்கவைக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்போம்.

இதையே வாட்ஸாப் குழுவில் மூன்று முறை போட்டுவிட்டேன். மூன்று கட்டைவிரலும் ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூவும் வந்தன. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். கட்டடத்தின் பெயரும் இதில் இல்லை, யார் பெயரும் இல்லை. சென்னையில் இது எந்தக் கட்டடமாகவும் இருக்கலாம். படிக்கிறவர்கள் அவரவர் பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டுச் சுவரின் கதையைச் சொல்கிறேன். 2018-இல் சாவி வாங்கினோம். 2019 ஐப்பசி மழையில், மகள் படுக்கிற அறையின் சுவரில், சீலிங்குக்கு ஒரு முழம் கீழே டீத் தம்ளர் வைத்து எடுத்த மாதிரி ஒரு வட்டம் தெரிந்தது. தீபாவளிக்குள் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. பெயிண்ட் கொப்பளித்தது. விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மார்கழியில் அதன் மேல் மிளகைப் பொடித்துத் தூவினாற்போலக் கரும்புள்ளிகள்.

2020-இல் பெயிண்டர் வந்தார். சுரண்டினார், பட்டி பார்த்தார், இரண்டு கோட் அடித்தார். “இனிமே வராது மேடம்” என்றார். அடுத்த கார்த்திகைக்குள் வந்துவிட்டது, இந்தத் தடவை பச்சைக் கரையோடு. 2022-இல் நாங்களாகவே ஒரு முட்டாள்தனம் செய்தோம். மரம் மாதிரி டிசைன் போட்ட பிவிசி பலகைகளை வாங்கி அந்தச் சுவர் முழுக்க அடித்து மூடினோம். அறை ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். வாடை மட்டும் போகவில்லை. ஈரக்கோணி வாடை. பள்ளிச் சீருடையிலும் அது ஏறியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லாத மூன்றாவது நாள், அந்த வாடை தாங்காமல் என் கணவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு பலகையைக் கழற்றினார். மொபைல் வெளிச்சத்தில் பார்த்தோம். கறுப்பு, சாம்பல், வெளிர் பச்சை என்று சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியது போல இருந்தது. பலகையைத் தாங்கிய மரச்சட்டம் நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வந்தது. அந்தச் சுவரிலிருந்து நாலு அடி தள்ளித்தான் என் பெண் ஒன்றரை வருடம் தூங்கியிருக்கிறாள்.

சரி, இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் ஒரு சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஏழு வீட்டில் பூசணம் இருக்கிறது. முதல் மாடி அம்மா வீட்டில் பீரோவுக்குப் பின்னால். கடைசி மாடியில் மூன்று வீட்டில் சீலிங்கில். மற்றவர்கள் வீட்டில் காலண்டர் தொங்குகிறது. காலண்டருக்குப் பின்னால் என்ன என்று நான் கேட்கவில்லை.

பூசணம் நமக்குப் புதிதா என்ன? ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போட்டால் மூன்றாம் நாள் பூத்துவிடும். பாட்டி அதைப் பார்த்தால் ஈரக் கரண்டி போட்டது யார் என்றுதான் முதலில் கேட்பாள். ஜாடிக்கு வெளியே பெயிண்ட் அடிக்கச் சொல்ல மாட்டாள். சுவரும் அப்படித்தான். பூசணத்தின் வித்துகள் எந்தக் காற்றிலும் எப்போதும் மிதக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்க யாராலும் முடியாது. அவற்றுக்குத் தின்ன ஏதாவது வேண்டும். பெயிண்ட், பட்டி, பிளைவுட், காகிதம், சுவரில் படிந்த தூசி எல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு. நம் ஊர்ச் சூடும் அவற்றுக்குத் தோதானது. ஆக, நம் கையில் மிச்சம் இருப்பது ஈரம் மட்டும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. காயவில்லை என்றால் எத்தனை கோட் அடித்தாலும் அதையும் சேர்த்துத் தின்றுவிட்டு வெளியே வரும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஈரச் சுவரின் உட்பக்கம் தண்ணீர் விடாத பூச்சு அடித்தால் ஈரம் காய வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். பூச்சு கொப்பளிக்கும், அல்லது ஈரம் பக்கத்துச் சுவருக்கு நகரும். பொங்கலுக்கு முன் என்பது வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு. வருடத்திலேயே நம் சுவர்கள் அதிகம் குடித்திருக்கும் நேரம் அதுதான். கசிவு நின்ற பிறகுகூட, கனத்தில் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்று செங்கல் சுவருக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். மாசி, பங்குனி வெயிலை இனாமாக வாங்கிக்கொள்ளாமல் தை பிறப்பதற்குள் அடிக்க வேண்டும் என்று யாருக்கு அவசரம்? காண்ட்ராக்டருக்கு இருக்கலாம்.

உடம்பு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு ஐந்து வயதிலிருந்து இளைப்பு உண்டு. நெபுலைசர் எங்கள் வீட்டில் மிக்ஸி மாதிரி ஒரு சாமான். பூசணத்தால்தான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா, மூச்சுக்குழாய்த் தொற்று ஆகியவை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே இதற்கென்று தனி வழிகாட்டி நூல் போட்டுச் சொல்லிவிட்டது. இந்த அளவுக்குப் பூசணம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் எண்ணை அவர்கள் தரவில்லை. ஈரத்தைத் தடுங்கள், வந்துவிட்டால் சரிசெய்யுங்கள் என்பதுதான் அவர்கள் சொல்வது. குழந்தைகள், வயதானவர்கள், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றிக்கொண்டோ எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் அதிகத் தொந்தரவு. நம் பிளாக்கில் இந்த நாலு வகையினரும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்று ஒரு குழந்தை. சமூக வீட்டுவசதி அமைப்பு ஒன்றின் வாடகை ஃபிளாட்டில் குடும்பம். 2017-இலேயே அப்பா பூசணம் இருக்கிறது என்று புகார் சொல்லியிருக்கிறார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. 2020 டிசம்பரில், இரண்டு வயதில், குழந்தை இறந்துபோனான். வீட்டில் நெடுநாள் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த கடுமையான மூச்சுக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்னார். அதற்குப் பிறகு அவன் பெயராலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், இப்படிப்பட்ட வீடுகளில் மோசமான ஓதம், பூசணம் என்று புகார் வந்தால் 10 வேலைநாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் அடுத்த 5 வேலைநாளுக்குள் அதை நீக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் 24 மணி நேரம்தான் கெடு. குளிர் நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ‘மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள்’ என்ற அந்தப் பதிலுக்காகத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நாம் தீர்மானம் போட்டு நிறைவேற்றியதும் அதைத்தான்.

அதற்காகப் பயந்து ஓடவும் வேண்டாம். 2021 இரண்டாவது அலையில் ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பேச்சு வந்தபோது, மாடிப்படிச் சுவரில் இருந்த கரும்புள்ளிகளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு ஒருநாள் முழுக்க யாரும் படியேறாமல் இருந்தோமே, அது வேறு. மியூகோர்மைகோசிஸ் என்ற அந்த நோயில் செத்துப்போன சதை கறுப்பாவதால்தான் அந்தப் பெயர். சுவரில் பூப்பது கறுப்போ பச்சையோ வெள்ளையோ, நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. ‘என்ன வகை என்று லேபில் கொடுத்துப் பார்க்கலாம்’ என்று பொருளாளர் சார் சொன்னார். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள் சார். எந்த வகையாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

இதைச் சரியாகப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான கொத்தனார். பலகைகளைக் கழற்றிய பிறகு தெரிந்தவர் மூலம் வந்தார். சுவரைத் தட்டினார், உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். “இது மழைத்தண்ணி இல்லம்மா, குளிக்கிற தண்ணி” என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். “சித்திரையிலயும் ஈரமா இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?” அவ்வளவுதான். மழையோடு வந்து வெயிலோடு போனால் அது மொட்டை மாடி, வெளிச்சுவர், சன்ஷேடு சமாச்சாரம். வருடம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் தண்ணீர் வரும் குழாய். ஆள் இருக்கும்போது கூடி, இல்லாதபோது குறைந்தால் கழிவு போகும் குழாய். யோசித்துப் பார்த்தேன். மேல்வீட்டு ஆன்ட்டி பெங்களூருக்குப் பேரன் பிறந்ததைப் பார்க்கப் போயிருந்த இருபது நாளும் எங்கள் சுவர் வெளுத்துப்போய் இருந்தது. அப்போது அதைப் பெயிண்டின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆன்ட்டியோடு எனக்கு இதனால் இரண்டு வருடம் சண்டை. “என் பாத்ரூம் பளிங்கு மாதிரி காஞ்சு கிடக்கு, வந்து பாரு” என்பார். போய்ப் பார்த்தால் காய்ந்துதான் கிடக்கும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. நம் கட்டடத்தில் பாத்ரூம் தரை மட்டும் ஒரு அடி பள்ளமாக வார்க்கப்பட்டிருக்கிறது. சங்கன் ஸ்லாப் என்பார்கள். அந்தப் பள்ளத்துக்குள் குழாய்களை ஓடவிட்டு, உடைந்த செங்கல்லைப் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். டைல்ஸ் இடுக்கில் அடைத்தது உதிர்ந்திருந்தாலோ, தரை ஜாலிக்குக் கீழே இணைப்பு விட்டிருந்தாலோ, ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் அந்தப் பள்ளத்துக்குள் போகும். மேலே தரை காய்ந்திருக்கும், கீழே செங்கல் தூள் ஊறிக்கொண்டே இருக்கும். அதாவது எங்கள் தலைக்கு மேல் ஒரு குட்டிக்குளம். அதன் சொந்தக்காரருக்கு அது இருப்பதே தெரியாது. நான் ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவரும் பாதி கேட்டார்.

முதல் மாடி அம்மா வீட்டில் கதையே வேறு. அவர்களும் மேல்வீட்டைத்தான், அதாவது எங்களைத்தான், சந்தேகப்பட்டார்கள். கொத்தனார் சொல்லிக்கொடுத்த வித்தையை அங்கே செய்து பார்த்தோம். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஓர் அடி சதுரம் வெட்டி, ஈரமான இடத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, நாலு பக்கமும் காற்று போகாமல் டேப் போட்டு ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளின் உட்பக்கம், சுவரைத் தொடுகிற பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிகிறது. என் வீட்டில் உட்பக்கம் வியர்த்தது. அம்மா வீட்டில் வெளிப்பக்கம்! அந்தச் சுவருக்கு மறுபக்கம் பேரனின் அறை. ஏசி இரவெல்லாம் 18-இல் ஓடுகிறது. சுவர் குளிர்ந்து போய், இந்தப் பக்கம் இருக்கிற சென்னைப் புழுக்கம் அதில் பட்டு, ஐஸ் தண்ணீர் சொம்பு வியர்க்கிற மாதிரி வியர்க்கிறது. பீரோ சுவரை ஒட்டி நிற்பதால் காற்றுப் புகவில்லை. அங்கே கொத்தனாருக்கும் வேலையில்லை, பெயிண்டருக்கும் வேலையில்லை. ஏசியை 25-க்கு ஏற்றி, பீரோவை அரை அடி முன்னால் இழுத்தார்கள். ஈரம் நின்றது.

(சுவரில் வெள்ளையாகப் பூத்தது எல்லாம் பூசணமும் இல்லை. தரைத்தள வீட்டில் முட்டியளவுக்குப் பூத்திருப்பது உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், கரைந்துவிட்டால் உப்பு. ஆனால் உப்பு பூக்கிறது என்றாலும் அந்தச் சுவர் வழியாகத் தண்ணீர் நடமாடுகிறது என்றுதான் அர்த்தம்.)

கடைசி மாடி மூன்று வீடுகளுக்கு விளக்கமே வேண்டாம். மொட்டை மாடியில் போய் நில்லுங்கள். கூலிங் டைல்ஸ் இணைப்புகளில் விரிசல். மழைநீர் இறங்கும் குழாய் வாய் மூன்றில் இரண்டு வேப்பிலைச் சருகால் அடைத்திருக்கிறது. மழை விட்டு நாலு நாளுக்குப் பிறகும் தண்ணீர் தேங்கி நின்று காகம் குளிக்கிறது. அப்புறம் பின்பக்க டக்ட், அதாவது கழிவுக் குழாய்கள் இறங்குகிற சந்து. மேலிருந்து எட்டிப் பார்த்தால் மூன்றாவது மாடி உயரத்தில், கழிவுக் குழாயின் இணைப்பில் ஓர் அரசங்கன்று முளைத்து என் கை நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது. தண்ணீர் கசியாத இடத்தில் அரசு இவ்வளவு செழிப்பாக வளருமா? பெயிண்ட் கொட்டேஷனில் அந்த அரசங்கன்றை எடுப்பது பற்றி ஒரு வரியும் இல்லை. அதைச் சுற்றித்தான் அடிப்பார்கள் போல.

இனி சுத்தம் செய்கிற விஷயம். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. போன புரட்டாசியில் மாடிப்படிச் சுவரைச் சுத்தம் செய்யச் சங்கம் ஏற்பாடு செய்தது. பெருக்கிக் கூட்டுகிற அக்காவிடம் ஒரு பக்கெட் பிளீச்சிங் பவுடரையும் ஒரு பாட்டில் பாத்ரூம் ஆசிடையும் கொடுத்தோம். கையுறையோ மாஸ்க்கோ இல்லை. பிளீச்சிங் கரைசலைத் தேய்த்துவிட்டு, கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிடை ஊற்றியிருக்கிறார். ஜன்னல் இல்லாத படிக்கட்டு. நான் கதவைத் திறந்தபோது கண் எரிந்தது. அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. கழிப்பறை கழுவும் திரவத்திலும் ஆசிட்தான் இருக்கிறது, அதைச் சேர்த்தாலும் இதே கதை. வினிகரும் அப்படித்தான். அமோனியா உள்ள கண்ணாடி துடைப்பான் சேர்ந்தால் வேறொரு விஷவாயு. அக்காவைத் தாங்கிப் பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காற்றில் உட்கார வைத்தோம். நல்லவேளை, ஒரு மணி நேரத்தில் சரியானார். மறுநாள் நாம் அவருக்குக் கொடுத்தது ஒரு எலுமிச்சை ஜூஸ்.

அதுவும் வீண் வேலை. சிமெண்ட் பூச்சு மாதிரி உறிஞ்சுகிற சுவரில் பிளீச் பெரும்பாலும் நிறத்தைத்தான் வெளுக்கும். செத்த பூசணமும் மூச்சுக்குத் தொந்தரவுதான். கொல்வதைவிட அதை அங்கிருந்து எடுப்பதுதான் காரியம். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மகளையும் மாமியாரையும் இரண்டு நாள் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினோம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. அறைக் கதவை மூடி, கீழ் இடுக்கில் துணி அடைத்து, ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்தினோம். ஃபேனைப் போட்டால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த என்-95 மாஸ்க், முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கத்தில் ஓட்டை இல்லாத கண்ணாடி. துணி மாஸ்க் இதற்கு உதவாது. உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்கவே கூடாது. சுவரில் முதலில் சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நனைத்துவிட்டுத்தான் கை வைத்தோம். பழைய துணியால் வழித்து, அந்தத் துணியைக் கவரில் போட்டுக் கட்டி, அடுத்த துணி. கொப்பளித்த பட்டியை ஈரத்தோடேயே சுரண்டி எடுத்தோம். கடைசியில் நல்ல தண்ணீரால் துடைத்துவிட்டுக் காயவிட்டோம். மரச்சட்டமும் மெத்தையும் குப்பைக்குப் போயின. மெத்தை போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் பஞ்சுக்குள் போன பூசணத்தை வெயிலில் போட்டு எடுத்துவிட முடியாது. பலகை மாட்டியிருந்த சுவர் முழுவதையும் நாங்களே செய்ததுகூடத் தப்பு என்று பிறகு தெரிந்தது. மூன்றடிக்கு மூன்றடி அளவைத் தாண்டினால் இந்த வேலை தெரிந்த ஆளை வைத்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கையேடு.

எங்கள் பக்கத்துத் தப்புகளையும் ஒத்துக்கொள்கிறேன். மழைக்காலம் முழுக்க ஹாலில் ஸ்டாண்டு போட்டுத் துணி காயப்போட்டோம். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு வருடமாக ஓடவில்லை, அதில் புறாக் கூடு. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்த முதல் நாள் 82 சதவீதம் காட்டியது. 60-க்குக் கீழே இருந்தால் பூசணத்துக்குப் பிடிக்காது. ஐப்பசியில் சென்னையில் 60 என்பது பேராசைதான். ஆனாலும் துணியை மூடிய பால்கனிக்கு மாற்றி, குளித்த பிறகு எக்ஸாஸ்டை அரை மணி ஓடவிட்டு, வெயில் அடிக்கிற நேரம் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்ததில் எழுபதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இவை அந்தந்த வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியவை, சங்கம் வந்து செய்ய முடியாது.

சங்கம் செய்திருக்க வேண்டிய ஒன்றும் இருந்தது. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ சுட்டிக்காட்டினால், கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. நமக்கு அந்த ஐந்து வருடம் 2023-இல் முடிந்தது. என் வீட்டு வட்டம் வந்தது 2019-இல். இடையில் நாம் அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை, பெயிண்டருக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தோம். நானும் அதில் உண்டு. இதைப் படிக்கிற புதுக் கட்டடக்காரர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி. டக்ட், மொட்டை மாடி, மழைநீர்க் குழாய் எல்லாம் பொதுச்சொத்து, சங்க நிதியிலிருந்துதான் செய்ய வேண்டும். பாத்ரூம் கசிவில் மேல்வீட்டுக்காரர் மட்டும் கொடுக்கட்டும் என்று நானே ஒரு காலத்தில் கத்தியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒரே ஆள் ஒரே மாதிரி கட்டிய 24 பாத்ரூம். இன்றைக்கு ஆன்ட்டி வீடு, நாளைக்கு என் வீடு. கண்டுபிடிக்கிற செலவு சங்கத்துக்கு, சரிசெய்கிற செலவில் பாதி சங்கம், பாதி வீட்டுக்காரர் என்று வைத்துக்கொண்டால் யாரும் தன் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டார்கள். வாடகைக்கு விட்டிருப்பவர்களே, ‘குடியிருப்பவரே பார்த்துக்கொள்வார்’ என்று கூட்டத்தில் சொல்லாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டுமானப் பழுதும் குழாய் மாற்றுவதும் வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு என்றுதான் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் வைத்திருக்கிறது.

கடைசியாக ஒரு தகவல். ஆன்ட்டி சம்மதித்துவிட்டார். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு அவர் பாத்ரூமில் தண்ணீர் கட்டிப் பார்க்கப் போகிறோம். தரை ஜாலியைத் துணி வைத்து இறுக்கி அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். அளவு தெரியச் சுவரில் பென்சில் கோடு. தண்ணீரில் கலக்கச் சொட்டுநீலம் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் தரை கசிகிறது. இறங்காவிட்டால் ஜாலியைத் திறந்துவிட்டுக் கழிவுக் குழாயைப் பார்ப்போம். செயலாளர் சாரும் பொருளாளர் சாரும் ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வாருங்கள். மகள் அறையில் அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு வைக்கிறேன். நீலம் இறங்கினால் நீங்களே பார்க்கலாம்.

அன்புடன்,
பி பிளாக், இரண்டாவது மாடி, லிஃப்டுக்கு எதிர்வீடு